மறைக்க வேண்டியது கேமராவையா, பதிவையா?

அமெரிக்காவில் பிள்ளைகளுடன் தங்கியிருந்துவிட்டு 2022 மே 7 அன்று சென்னை திரும்பிய மயிலாப்பூர்த் தம்பதியை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர், அவர்களிடம் வேலை பார்த்த கார் ஓட்டுநர். வீட்டுக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் இருவரும் கொல்லப்பட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் அவர்களுக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. உடல்கள் அங்கே புதைக்கப்பட்டிருந்தன. தொலைபேசியில் அழைத்து அழைத்துப் பார்த்தும் பதில் வராததால் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளுக்குச் சந்தேகம் எழ, விஷயம் வெளிவந்தது. ஓட்டுநரும் கூட்டாளியும் அன்றே ஆந்திரத்தின் ஓங்கோல் அருகே பிடிபட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் சவரன் நகை மீட்கப்பட்டது. போகிற போக்கில் அவர்கள் சிசிடிவி பதிவுகள் சேரும் டிவிஆர் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போயிருந்ததாகக் காவல் துறை சொன்னது.

கடற்கரைச் சாலையில் வீடு வைத்திருப்பவர்களை அதிகம் உறுத்த வேண்டிய செய்தி இந்தக் கடைசி வரி. வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவருக்கு கேமரா எங்கே, பெட்டி எங்கே என்பதும் தெரியும். “அப்படியானால் யாருக்கும் தெரியாமல் ஒன்றை ஒளித்து வைத்துவிட வேண்டியதுதான்” என்று உரிமையாளருக்குத் தோன்றுவது இயல்பு. சுவர்க் கடிகாரம், செல்போன் சார்ஜர், பல்பு, புகை உணர்வி என்று பல வேடங்களில் ரகசிய கேமராக்கள் இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஆனால், அந்த வழக்கு சொல்லும் பாடம் வேறு. அங்கே பறிபோனது பதிவு. கேமராவை ஒளித்து வைப்பதால் பதிவு பத்திரமாகிவிடாது. ஒளித்து வைத்த கேமராவால் வரும் வில்லங்கங்களோ பல.

ஒரே வீடு, பல குடும்பங்கள்

முட்டுக்காட்டில் தொடங்கி கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை சவுக்குத் தோப்புகளுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வார இறுதி வீடுகள் நிற்கின்றன. உரிமையாளர் அண்ணா நகரிலோ துபாயிலோ நியூஜெர்சியிலோ இருப்பார். வாசல் கேட்டை ஒட்டிய ஓர் அறையில் காவலாளி மனைவி மக்களோடு வசிப்பார். தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் ஆட்கள் வந்து போவார்கள். வெள்ளிக்கிழமை மாலையானால் வீடு வாடகைக்கு விடப்படும். கல்லூரி நண்பர்கள் கூட்டமாக வருவார்கள். புதுமணத் தம்பதி வருவார்கள். வளைகாப்பு நடத்தவும் வருவார்கள்.

பத்திரத்தில் வீடு ஒருவர் பெயரில்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை அது தோட்டக்காரருக்கு வேலையிடம். சனிக்கிழமை முன்பின் அறியாத ஒரு குடும்பத்துக்குப் படுக்கையறை. ஆண்டு முழுக்க காவலாளியின் குழந்தைகளுக்கு அதுதான் வீடு. ‘என் வீட்டில் நான் கேமரா வைக்கிறேன், யார் கேட்பது?’ என்ற வாதம் இந்தக் கடற்கரையில் எடுபடாமல் போவது இதனால்தான்.

பயத்துக்குக் காரணம் உண்டு

உரிமையாளர்களின் அச்சத்தை லேசாக எண்ணிவிட முடியாது. 2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். 2025 மே 1 அன்று ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த முதிய தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. தனித்திருக்கும் வீடுகளில் கேமரா பொருத்துங்கள் என்று காவல் துறை கேட்டுக்கொள்வது வெறும் சடங்கு அல்ல.

கேமராவால் பலன் உண்டு என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் ஒரு முதியவர் இரவில் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகமூடி அணிந்த ஒருவன் பின்னாலிருந்து வந்து துணியைக் கழுத்தில் போட்டு இறுக்கினான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி முதலில் கையில் கிடைத்த செருப்புகளை வீசினார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடித்தார். அரிவாளோடு வந்த அவனும் அவன் கூட்டாளியும் பின்வாங்கி ஓடினார்கள். வாசலில் பொருத்தியிருந்த கேமரா அத்தனையையும் பதிந்தது. நாடெங்கும் அந்தக் காட்சி பரவியது. அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் தமிழ்நாடு அரசு தம்பதிக்குத் துணிச்சலுக்கான விருது வழங்கியது. அந்தக் கேமரா எங்கும் ஒளிந்திருக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி வெளிப்படையாக இருந்தது.

சென்னைக் காவல் துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டமும் அப்படித்தான். ஏ.கே.விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு வணிகர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தப்பட்டது. 2021 தொடக்கத்தில் சர்ஃப்ஷார்க் நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 657 கேமராக்களுடன் உலக நகரங்களில் சென்னை முதலிடத்தில் இருந்தது. அந்தக் கேமராக்களோடு ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்ற பலகையும் சேர்ந்தே வந்தது. வந்தவன் திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஒளித்து வைத்த கேமராவைக் கண்டு எந்தத் திருடனும் திரும்பிப் போகப்போவதில்லை. அது நடந்து முடிந்ததைத்தான் காட்டும்.

கடல் காற்றும் பல்பு கேமராவும்

நடந்து முடிந்ததையாவது ஒழுங்காகக் காட்டுமா? ரகசிய கேமராவின் கண் ஊசித்துளை அளவுதான் இருக்கும். அவ்வளவு சிறிய துளை வழியே உள்ளே போகும் வெளிச்சமும் குறைவு. சாதாரண கேமராக்கள் இருட்டில் பார்ப்பதற்கு அகச்சிவப்பு விளக்குகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் 850 நானோமீட்டர் வகை இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியும், காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் வகையைப் போட்டால் எட்டும் தூரம் குறைந்துவிடும். திருட்டு நடப்பது பெரும்பாலும் இரவில். ஆக, கேமரா எவ்வளவு ரகசியமோ, இரவில் பதிவாகும் முகம் அவ்வளவு மங்கல்.

பல்பு கேமராவின் கதை இன்னும் வேடிக்கை. ஹோல்டரில் மாட்டினால் போதும், வயரிங் தேவையில்லை என்பதால் இது நன்றாக விற்கிறது. பெரும்பாலானவை திருகு வகை. நம் வீடுகளில் இருப்பதோ இரண்டு முனை பின் வகை ஹோல்டர். அதனால் இடையில் ஓர் அடாப்டரை மாட்ட வேண்டும். பல்பு இரண்டு அங்குலம் கீழே தொங்கும். ஏறிட்டுப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். யாராவது பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்தால் கேமராவும் அணைந்துபோகும். வீட்டைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு, ஆள் இல்லாத நாட்களில் கேமராவும் இல்லை.

வெளியே வைக்கும் கேமராவுக்கும் இந்தக் கடற்கரையில் பராமரிப்பு அதிகம் தேவை. உப்புக் காற்று கண்ணாடி மூடியில் மெல்லிய படலமாகப் படியும். பகலில் அது தெரியாது. இரவில் அகச்சிவப்பு ஒளி அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புகையாக மாறிவிடும். விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்காக சிலந்தி லென்ஸுக்கு முன்னாலேயே வலை பின்னும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் உரிமையாளரின் செல்போனுக்கு எச்சரிக்கை போகும். இரவு முழுக்க ஐம்பது எச்சரிக்கை வந்தால் ஐம்பத்தொன்றாவதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. காவலாளியிடம் ஒரு துணியும் ஏணியும் கொடுத்து வாரம் ஒருமுறை துடைக்கச் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம் இது. கேமரா இருப்பதே அவருக்குத் தெரியாது என்றால் யார் துடைப்பது?

ஒளிந்திருக்கும் கண் யாரைப் பார்க்கிறது?

தமிழ்நாட்டில் ரகசிய கேமரா செய்தியாகும்போது பிடிபடுபவர்கள் பெரும்பாலும் திருடர்களாக இருப்பதில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த விடுதியின் குளியலறை மின்சாக்கெட்டில் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. சந்தேகப்பட்ட பெண் ஒருவர் செல்போன் செயலியின் உதவியோடு தேடிக் கண்டுபிடித்தார். விடுதியை நடத்தியவர் கைதானார். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரை அருகே, நீராடியவர்கள் உடை மாற்றும் தனியார் அறையில் கேமரா இருப்பதை ஒரு பக்தை பார்த்துவிட்டார். இருவர் கைது செய்யப்பட்டனர். 2025 நவம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் நாகமங்கலத்தில் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் கேமரா கண்டெடுக்கப்பட்டு, இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

மூன்றும் வெவ்வேறு ஊர். கடலில் குளித்துவிட்டு உடை மாற்ற அறை தேடுபவர்களும், வாடகைக்கு அறை எடுத்துத் தங்குபவர்களும் ஆண்டு முழுக்க வந்துகொண்டிருக்கும் மாமல்லபுரத்துக்கு இவை எதுவுமே தொலைவு அல்ல.

வீடுகளை இணையம் வழியே வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் முன்பு வீட்டின் பொது இடங்களில், முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, கேமரா வைக்க உரிமையாளர்களை அனுமதித்திருந்தது. 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்த இடத்திலும் கேமரா கூடாது என்று உலகெங்கும் தடை விதித்துவிட்டது. வெளிப்புறக் கேமராக்கள் இருந்தால், விருந்தினர் வீட்டை முன்பதிவு செய்யும் முன்பே அவருக்குச் சொல்ல வேண்டும். வணிக நிறுவனமே இந்த முடிவுக்கு வந்த பிறகு, தரகர் மூலமும் வாட்ஸ்அப் மூலமும் வாடகைக்குப் போகும் வீடுகளுக்கு வேறு அளவுகோல் எதற்கு?

விருந்தினராவது இரண்டு நாளில் கிளம்பிவிடுவார். காவலாளியின் மனைவிக்கு அந்த வசதி இல்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் உருவானது. வேலை செய்யும் வீட்டிலேயே தங்குபவர்களின் அந்தரங்கம் மதிக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

படுக்கையில் இருக்கும் தாய்

ரகசிய கேமராவுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் ஒன்று உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ். அவர் அடிக்கிறாரா, நேரத்துக்கு மருந்து கொடுக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேமரா இருப்பது தெரிந்தால் அதன் முன்னால் மட்டும் நல்லவராக நடிக்க மாட்டாரா? நியாயமான கவலைதான்.

கொஞ்சம் நின்று யோசித்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். கேமரா இருப்பது தெரிந்து நர்ஸ் ‘நடித்தால்’ அம்மாவுக்கு அடி விழவில்லை என்றுதான் அர்த்தம். தெரியாத கேமரா முதல் அடியைப் பதிவு செய்யும். தெரிந்த கேமரா அந்த அடியைத் தடுக்கும். பிள்ளைகளுக்கு வேண்டியது எது? இன்னொன்று, அந்த அறையில் அதிகம் படம்பிடிக்கப்படுவது நர்ஸ் அல்ல, அம்மா. உடம்பு துடைத்துவிடுவது, டயப்பர் மாற்றுவது, புடவையை விலக்கி ஊசி போடுவது எல்லாமே பதிவாகும். அந்தப் பதிவு மகனின் செல்போனில், மருமகனின் செல்போனில், பாஸ்வேர்டு தெரிந்த யாருடைய செல்போனிலும் ஓடும். சம்மதம் கேட்டால் அந்தத் தாய் என்ன சொல்வார் என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. வேலைக்குச் சேரும் அன்றே நர்ஸிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் ஒப்புதலோடு, கட்டிலை நேராகப் பார்க்காமல் கதவையும் மருந்து மேசையையும் பார்க்கும்படி கேமராவை வைத்தால் காவலும் கிடைக்கும், மானமும் காக்கப்படும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்படி, தனிமையை எதிர்பார்க்கும் நிலையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதோ படமெடுப்பதோ பரப்புவதோ குற்றம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை; மறுபடியும் செய்தால் மூன்று முதல் ஏழாண்டு வரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் பேதமில்லாமல் எவருடைய அந்தரங்க உறுப்பையும் சம்மதமின்றிப் படமெடுப்பதைத் தண்டிக்கிறது. திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் வைத்தேன் என்பவரின் கேமரா, குளியலறைக் கதவையோ விருந்தினர் கட்டிலையோ பார்த்துக்கொண்டிருந்தால் அந்த விளக்கம் அவரைக் காப்பாற்றுவது கடினம்.

சொந்தக்காரர்களுக்குள்ளும் எல்லை உண்டு. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்கு இடையிலான வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ‘கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றதே’ என்று சிலர் கேட்கலாம். 2025 ஜூலையில் வந்த அந்தத் தீர்ப்பு, மணவிலக்கு வழக்கில் அத்தகைய பதிவைச் சாட்சியமாகப் பரிசீலிக்கலாமா என்பது பற்றியது. வீட்டுக்குள் வேவு பார்க்கக் கொடுத்த உரிமம் அல்ல.

தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வீட்டு உபயோகத்துக்கான பதிவுகளுக்கு விலக்கு அளிக்கிறது. வாரந்தோறும் வாடகை வாங்கும் வீட்டில் விருந்தினரைப் பதிவு செய்வதை வீட்டு உபயோகம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி ஒருநாள் நீதிமன்றத்துக்கு வரத்தான் போகிறது. இங்கிலாந்தில் இதையொத்த கேள்வி வந்துவிட்டது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்ட நீதிமன்றம், பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பு மணிக் கேமராவும் அதன் ஒலிப்பதிவும் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. படத்தைவிட ஒலியை வெகு தூரத்திலிருந்து பிடித்ததை நீதிபதி கடுமையாகப் பார்த்தார்.

சரி, பதிவு திருடனையே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். அதற்கு முதலில் பதிவு மிஞ்ச வேண்டும். மெமரி கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும் மலிவு விலைக் கேமராவில், உரிமையாளர் அடுத்த வாரம் வந்து பார்க்கும்போது திருடன் வந்த இரவு அழிந்துபோயிருக்கலாம்.

பார்ப்பவர் ஒருவர் மட்டுமா?

இணையத்தோடு இணைந்த கேமராவை உரிமையாளர் மட்டுமே பார்க்கிறார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவிக் காட்சிகள் யூடியூபில் தலைகாட்டின, டெலிகிராமில் விற்கப்பட்டன. விசாரணையில், நாட்டின் பல பகுதிகளில் ஏறத்தாழ 80 கேமரா அமைப்புகளுக்குள் ஊடுருவியிருந்தது தெரிந்தது. ‘அட்மின்123’ போன்ற மாற்றப்படாத பாஸ்வேர்டுகள்தான் கதவைத் திறந்துவிட்டிருந்தன. அதே ஆண்டு இறுதியில் தென் கொரியக் காவல் துறை, வீடுகளிலும் கடைகளிலும் இருந்த 1,20,000 கேமராக்களுக்குள் புகுந்ததாக நால்வரைக் கைது செய்தது.

இந்திய அரசு 2025 ஏப்ரல் 9 முதல், இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. பெயர் தெரியாத நிறுவனத்தின் கடிகாரக் கேமராவை வாங்குபவர்களில் எத்தனை பேர் அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்?

செய்யக்கூடியவை

கடற்கரை வீட்டைக் காக்க நினைப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. கேமராக்கள் கேட், மதில், கார் நிறுத்தம், வராந்தா ஆகிய இடங்களில் வெளிப்படையாக, பலகையோடு இருக்கட்டும். ஒளித்து வைக்க வேண்டியது டிவிஆர் பெட்டியை. வரவேற்பறை டிவிக்குக் கீழே வைக்காமல், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், எளிதில் எட்டாத இடத்தில் வைக்கலாம். அதற்கும் ரவுட்டருக்கும் தனி மின் இணைப்பும் பேட்டரியும் தேவை. பதிவின் இன்னொரு நகல் உடனுக்குடன் கிளவுடிலோ சென்னை வீட்டிலுள்ள கருவியிலோ சேர்ந்துவிட வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் தூக்கியவரின் முகம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். கேமரா வாங்கிய அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பொருத்திக் கொடுத்த ஆளின் செல்போனில் செயலி இன்னும் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியூர் போகும்போது உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் பழைய வழக்கத்துக்கும் மதிப்பு குறையவில்லை.

வேலையாட்களுக்கும் விருந்தினர்களுக்கும் கேமரா இருக்கும் இடங்களைச் சொல்லிவிடுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. விலை உயர்ந்த பொருள் இருக்கும் பீரோவைப் பற்றிக் கவலைப்படுபவர், தான் மட்டுமே சாவி வைத்திருக்கும் அறைக்குள் கேமரா வைத்துக்கொள்ளட்டும். வேறு யாரும் தூங்காத, உடை மாற்றாத இடம் அது. விருந்தினர் படுக்கையறை, குளியலறை, காவலாளி குடும்பத்தின் அறை ஆகிய மூன்றிலும் எந்தக் காரணத்துக்காகவும் கேமரா கூடாது.

செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு கடற்கரை வீடும், விடுதியும், உடை மாற்றும் அறையும் தன்னிடம் உள்ள கேமராக்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் எழுதிக்கொடுத்த பிறகே அனுமதி பெற வேண்டும். அந்தப் பட்டியல் அறைக் கதவில் ஒட்டப்பட வேண்டும். பட்டியலில் இல்லாத கேமரா சோதனையில் சிக்கினால் அனுமதி ரத்தாக வேண்டும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் உடை மாற்றும் அறைகளை மாதம் ஒருமுறை பெண் காவலர்களைக் கொண்டு சோதிப்பது பெரிய செலவு இல்லை.

அறை எடுப்பவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கடிகாரம், சாக்கெட், புகை உணர்வி, கண்ணாடி ஓரம் ஆகியவற்றில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். லென்ஸ் இருந்தால் புள்ளியாக மின்னும். செல்போனின் முன்பக்கக் கேமரா வழியே பார்த்தால் அகச்சிவப்பு விளக்குகள் வெளிறிய ஒளியாகத் தெரிவதும் உண்டு. சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் அதைப் பிடுங்கவோ மெமரி கார்டை எடுக்கவோ வேண்டாம். இருந்தபடியே படமெடுத்துவிட்டு, அறையிலிருந்து வெளியே வந்து 112 என்ற எண்ணில் காவல் துறையை அழையுங்கள். காட்சி இணையத்தில் பரவியிருந்தால் சைபர் குற்றப் புகார்களுக்கான 1930ஐ அழையுங்கள்.